எத்தனை பவுண்டு வில்?

மரவில் செய்கிறவர்கள் வேலை முடிந்ததும் வில்லின் கீழ்க்கரத்தில், கைப்பிடிக்கு அருகே, பேனாவால் இரண்டு எண்களை எழுதி அதன்மேல் வார்னிஷ் பூசிவிடுவார்கள். 50, 28 என்று இருந்தால் 50 பவுண்டு, 28 அங்குலம். நாணை 28 அங்குலத்துக்கு இழுத்து நிறுத்தும்போது விரல்கள் 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோ பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். வில்லாளிகள் டிரா வெயிட் என்று சொல்லும் இந்த அளவை இழுவிசை என்று வைத்துக்கொள்வோம்.

வட அமெரிக்காவில் இலையுதிர்காலம் பிறந்ததும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் வெண்வால் மானைத் தேடி வில்லோடு காட்டுக்குள் போகிறார்கள். பல மாநிலங்களில் வில்லுக்கென்றே தனி வேட்டைப் பருவம் உண்டு. முதல்முறை வில் வாங்க வருகிற இளைஞர் பெரும்பாலும் 60, 70 என்று பெரிய எண்ணைத்தான் கேட்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. சீதைக்காக வளைக்கப்பட்ட வில், கிரேக்கக் காவியத்தில் பெனலோப்பியின் கணவன் மட்டுமே நாணேற்ற முடிந்த வில் என்று இரண்டு பெரும் காவியங்கள் வில்லின் கடினத்தையே வீரத்தின் அளவாக்கி வைத்திருக்கின்றன. காவியத்தில் குறி தவறுவதில்லை. காட்டில் தவறும், தவறினால் வயிற்றிலோ தொடையிலோ அம்போடு ஒரு மான் ஓடும்.

ஒரு வில்லில் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் இயற்பியல் தரும் கூலி நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதற்கு உடல் கேட்கும் விலையோ நாம் நினைப்பதைவிட அதிகம். இரண்டையும் எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் அந்த 28. அது உங்கள் எண்ணாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, 2.5 ஆல் வகுத்தால் உங்கள் இழுநீளம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். பெரும்பாலானவர்களுக்குக் கை விரிப்பு உயரத்தை ஒட்டியே இருக்கும். 165 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு இந்தக் கணக்கு 26 அங்குலம் என்று வரும். சாதாரண வேட்டை வில்லில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2 முதல் 3 பவுண்டு வரை ஏறும், இறங்கும். ஆகவே 50 என்று எழுதிய வில் அவர் கையில் 45 பவுண்டு வில்தான். அதோடு போகவில்லை. நாண் அம்பைத் தள்ளிக்கொண்டு வரும் தூரமும் இரண்டு அங்குலம் குறைகிறது. இரண்டும் சேர்ந்து, வில்லில் சேரும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். உயரமானவர் எய்வதைப் பார்த்து அதே வில்லை வாங்குகிற குட்டையானவருக்கு அதே அம்பு வேகம் கிடைக்காததற்குக் காரணம் கையின் நீளம். பயிற்சியால் அதை நீட்ட முடியாது.

இனி ஆற்றல். 50 பவுண்டு என்பது 222 நியூட்டன். நாணேற்றிய நிலையிலேயே நாண் கைப்பிடியிலிருந்து ஏழெட்டு அங்குலம் விலகி நிற்பதால், 28 அங்குல இழுப்பில் உண்மையான வேலை நடப்பது சுமார் 52 சென்டிமீட்டரில்தான். விசை சுழியத்தில் தொடங்கி ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறுகிறது என்று கொண்டால், சேமிக்கப்படும் ஆற்றல் பாதி பெருக்கல் 222 பெருக்கல் 0.52, அதாவது 57 ஜூல் சொச்சம். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கீழே போட்டால் தரையைத் தொடும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் இவ்வளவுதான். ஒரு மானை வீழ்த்துவதற்கு இது அற்பமாகத் தோன்றும். அற்பம்தான். அம்பு எப்படிக் கொல்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இந்த 57 ஜூல் முழுவதும் அம்புக்குப் போய்ச் சேர்வதில்லை. நாணை விட்டதும் அம்பு மட்டும் நகர்வதில்லை, வில்லின் இரு கரங்களும் நாணும் சேர்ந்தே நகர்கின்றன. அவற்றுக்கும் ஆற்றல் செலவாகிறது. அமெரிக்க இயற்பியலாளர் பால் குளோப்ஸ்டெக் இதை எளிமையாகக் கையாள ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வில்லும் தனக்கென ஒரு கற்பனை எடையை அம்போடு ஒட்டி அனுப்புவதாக வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வந்துவிடும் என்றார் அவர். 1943இல் இயற்பியல் ஆசிரியர்களுக்கான ஆய்விதழில் வில், அம்பு பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளியானது. பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாரன்ஸ் ஹிக்மனும் அவரும் விற்கலையின் தொழில்நுட்பம் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து 1947இல் ஒரு நூலே கொண்டுவந்தார்கள். அந்தக் கற்பனை எடை ஒரு வில்லுக்கு ஏறத்தாழ மாறாதது என்பதுதான் இதில் முக்கியம். அம்பு கனமாக ஆக, மொத்தத்தில் அந்த எடையின் பங்கு குறையும், அம்புக்குப் போய்ச்சேரும் ஆற்றலின் பங்கு கூடும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். அம்பின் எடையைக் கிரெயினில் சொல்வது வழக்கம். 500 கிரெயின் என்றால் 32.4 கிராம். நம் 50 பவுண்டு வில் தன் ஆற்றலில் 70 விழுக்காட்டை அதற்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அம்புக்கு 40 ஜூல், நொடிக்கு 50 மீட்டர் வேகம். இதே அம்பை 40 பவுண்டு வில்லில் வைத்தால்? இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, ஆற்றலும் அவ்வளவே குறையும். ஆனால் வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அது 50இலிருந்து 44.5 மீட்டருக்கு இறங்கும், அவ்வளவுதான். 20 விழுக்காடு உழைப்பைக் குறைத்தால் 11 விழுக்காடு வேகம் போகிறது. திருப்பிச் சொன்னால், முதுகு ஒடிய 10 பவுண்டு கூட்டினாலும் அம்பு அதற்கேற்ற வேகம் எடுப்பதில்லை.

அடுத்த படி இன்னும் சுவையானது. 40 பவுண்டு வில்லுக்கு 600 கிரெயின் அம்பைக் கொடுப்போம். அம்பு கனத்ததால் வில்லின் திறன் 70இலிருந்து 74 விழுக்காட்டை நெருங்குகிறது. வேகம் நொடிக்கு 41.5 மீட்டர். சதைக்குள் அம்பு எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு ஆற்றலைவிட உந்தமே, அதாவது எடையும் வேகமும் பெருக்கி வருவதே, நம்பகமான அளவு என்று கருதுகிறவர்கள் வேட்டை வில்லாளிகளில் பலர். நானும் அந்தக் கட்சி. 50 பவுண்டு வில்லில் 500 கிரெயின் அம்பின் உந்தம் 1.6 கிலோகிராம் மீட்டர்/நொடி. 40 பவுண்டு வில்லில் 600 கிரெயின் அம்பின் உந்தமும் 1.6. பத்துப் பவுண்டை முதுகிலிருந்து இறக்கி ஆறரை கிராமை அம்பில் ஏற்றினோம், ஆழம் அப்படியே இருக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. அம்புக்குப் போகாத ஆற்றல் வில்லின் அதிர்வாகவும் ஓசையாகவும் வெளியேறுகிறது. முதல் வில்லில் அது 17 ஜூல், இரண்டாவதில் 12. வெண்வால் மானின் காது கூர்மையானது. 20 மீட்டர் தொலைவை ஒலி 0.06 நொடியில் கடந்துவிடும், அம்புக்கோ 0.4 நொடி வேண்டும். நாணின் ஓசை கேட்டதும் துள்ளி ஓடுவதற்காக மான் முதலில் உடலைத் தாழ்த்தும். அம்பு வந்து சேரும்போது அது குறிவைத்த இடத்தில் இருக்காது. இந்த ஓட்டப்பந்தயத்தில் எந்தக் கைவில்லும் ஒலியை வெல்லப்போவதில்லை, ஆகவே சத்தத்தைக் குறைப்பதே உருப்படியான வழி.

விலை இல்லாமல் இது கிடைக்காது. மெதுவான அம்பின் பாதை அதிகம் வளையும். 20 மீட்டரில் நிற்கும் மானை 18 என்று தப்பாக மதித்து எய்துவிட்டால், வேகமான அம்பு 8 சென்டிமீட்டர் கீழே போகும், கனமான மெது அம்பு 11 சென்டிமீட்டர் கீழே போகும். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய வட்டத்தின் குறுக்களவு 20 முதல் 25 சென்டிமீட்டர்தான். நட்ட நடுவில் குறிவைத்தாலும் 11 சென்டிமீட்டர் தவறு விளிம்பில் கொண்டுபோய் விட்டுவிடும். 15 மீட்டருக்கு நெருங்கிவிட்டால் அதே இரண்டு மீட்டர்த் தவறு எட்டரை சென்டிமீட்டராகச் சுருங்கும். இலகுவான வில் எடுப்பவர் ஐந்து மீட்டர் கூடுதலாகப் பதுங்கிப் போகக் கற்றுக்கொள்ள வேண்டும். தோளை வருத்துவதா, காலை வருத்துவதா என்றால் காலை என்பேன். வேட்டையில் பதுங்கத் தெரியாதவனுக்கு 70 பவுண்டு வில்லும் உதவாது.

அம்பு எப்படிக் கொல்கிறது? துப்பாக்கிக் குண்டைப்போல அதிர்ச்சியால் இல்லை. சவர பிளேடுபோல் தீட்டிய அகன்ற முனை ரத்தக்குழாய்களை அறுக்கிறது, நுரையீரலைத் துளைக்கிறது. ரத்தப்போக்கால் மூளைக்குப் போகும் ஓட்டம் நின்று விலங்கு விழுகிறது. இரு நுரையீரலும் துளைபட்ட மான் பெரும்பாலும் சில நொடிகளில், நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். ஆகவே தேவைப்படுவது ஊடுருவல், முனையின் கூர்மை, சரியான இடம் என்ற மூன்றும்தான். இழுவிசை முதலாவதற்கு மட்டும் உதவுகிறது, அதற்கும் ஒரு பகுதிதான். மழுங்கிய முனையை 20 பவுண்டு கூட்டிச் சரிக்கட்ட முடியாது.

அமெரிக்க மாநிலங்களின் வேட்டை விதிகள் இந்த ஊடுருவலுக்காகவே ஒரு கீழ் எல்லை வைத்திருக்கின்றன. மானுக்குப் பல இடங்களில் 40 பவுண்டு, சில இடங்களில் 35 அல்லது 30. அலாஸ்காவில் கருவால் மானுக்கும் ஓநாய்க்கும் காரிபூ கலைமானுக்கும் 40, மூஸ், பழுப்புக் கரடி, காட்டெருமை போன்ற பெரியவற்றுக்கு 50. அம்பு செய்யும் ஈஸ்டன் நிறுவனத்தின் பட்டியல் ஆற்றலை வைத்துப் பேசுகிறது. மானுக்கு 34 முதல் 56 ஜூல் வரை, எல்க் மான், கருங்கரடி, காட்டுப்பன்றிக்கு 88 வரை, அதற்கு மேல் கிரிஸ்லி கரடியும் ஆப்பிரிக்க எருமையும். நம் 40 பவுண்டு வில் 600 கிரெயின் அம்போடு ஏறக்குறைய 34 ஜூலைத் தொடுகிறது, மானின் வாசற்படியில் நிற்கிறது. அதைக்கொண்டு எல்க் மானை நோக்கி எய்வது அடாத செயல்.

இந்த எல்லைகள் எல்லா வேட்டைக்கும் பொருந்தாது என்பதற்கு கலஹாரியின் சான் மக்களைவிட நல்ல சான்று கிடையாது. அவர்களுடைய வில் சிறியது, பெரும்பாலும் 30 பவுண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் அம்புமுனைக்குப் பின்னால் டயம்ஃபிடியா என்ற வண்டின் இளம்புழுவிலிருந்து எடுத்த நஞ்சு தடவப்பட்டிருக்கும். அம்பு தோலைக் கிழித்து உள்ளே நுழைந்தால் போதும், மீதியை நஞ்சு பார்த்துக்கொள்ளும். அதன்பின் வேட்டைக்காரர் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், தடம்பிடித்து நடப்பார். வில்லுக்கு வலு தேவைப்படாதபடி ஒரு முழு வேட்டைமுறையே அங்கே உருவாகியிருக்கிறது.

நஞ்சு இல்லாமலும் மிதமான வில்லால் வாழ்ந்தவர் ஒருவரின் கதை, இந்தத் துறையில் கால்வைக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊர் ஓரத்தில், ஒரு கசாப்புக் கொட்டகை அருகே, பசியில் மெலிந்த ஒரு மனிதர் பிடிபட்டார். யாஹி என்ற பழங்குடியில் எஞ்சியிருந்த கடைசி ஆள். மற்ற எல்லோரும் வெள்ளையர் குடியேற்றத்தின் படுகொலைகளாலும் பசியாலும் நோயாலும் அழிந்துபோயிருந்தார்கள். தன் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. மானிடவியலாளர்கள் அவரை இஷி என்று அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கியிருந்த இஷிக்கு மருத்துவம் பார்த்தவர் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர். நோயாளியிடமே மருத்துவர் வில்வித்தை கற்றார்.

இஷியின் வேட்டை வில் ஜூனிப்பர் மரத்தில் செய்து முதுகில் தசைநார் ஒட்டியது, இழுவிசை 40 முதல் 50 பவுண்டு. நகரத்தின் வட்டப் பலகையில் போட்டியிட்டால் போப்பும் நண்பர்களும் அவரை முந்திவிடுவார்கள். வேட்டையில் கதையே வேறு. அவர் குந்தி உட்கார்ந்தபடி எய்வார். விரல்களை உதட்டில் வைத்து முத்தமிடுவதுபோல் ஒலியெழுப்பி, துன்பத்தில் கத்தும் முயலின் குரலை வரவழைத்து விலங்குகளைத் தன்னருகே கூப்பிடுவார். மான் வேட்டைக்கு முன் புகைபிடிப்பதையும் மீன் தின்பதையும் நிறுத்திவிடுவார், உடல் வாசனை காட்டிக்கொடுக்கக் கூடாது என்று. அம்பு விடும்போது இலக்கு கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கல்லெறி தூரத்தில் இருக்கும். போப் பின்னால் இன்னொரு சோதனையும் செய்தார். ஈரலை நிரப்பி மான்தோல் போர்த்திய பெட்டியில் எஃகு முனை அம்பையும், இஷி செதுக்கும் வகையான எரிமலைக் கண்ணாடி முனை அம்பையும் எய்து பார்த்தார். கண்ணாடி முனை ஆழமாகப் போனது. வில் அதே வில். இஷி 1916 மார்ச்சில் காசநோயால் இறந்தார். போப் பிறகு ஆர்தர் யங் என்ற நண்பரோடு சேர்ந்து கிரிஸ்லி கரடி வேட்டைக்குப் போனபோது 75 பவுண்டை ஒட்டிய வில்களை எடுத்துப்போனார். கரடிக்கு அது நியாயம், அவர்களுடைய முதுகும் பல ஆண்டுப் பழக்கத்தால் அதற்குத் தயாராக இருந்தது.

அந்தத் தயாராதல்தான் இந்தக் கணக்கின் மறுபக்கம். தசை ஒரு நீளத்தில் நின்றபடி இறுகிக்கொண்டே இருந்தால் அது தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்ளும். ஜெர்மானிய உடலியங்கியல் ஆய்வாளர் வால்டர் ரோமெர்ட் 1960இல் ஒரு வளைகோடு வரைந்து காட்டினார். உங்கள் உச்ச பலத்தில் பாதியைச் செலுத்தினால் ஒரு நிமிடம் தாங்கலாம். முக்கால் பங்கு என்றால் அரை நிமிடம்கூடத் தாங்காது. உச்சத்தை நெருங்கினால் சில நொடிகள். ஒருவரால் தம்கட்டி இழுக்க முடிந்த அதிகபட்சம் 60 பவுண்டு என்றால், 55 பவுண்டு வில் அவருக்குச் சில நொடிகளை மட்டும் தரும். 40 பவுண்டு வில் மூச்சுவிட நேரம் தரும். மான் முன்காலை நகர்த்தி விலாவைக் காட்டும் வரை காத்திருக்க வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் நடுக்கம். மூளை தசைக்கு அனுப்பும் ஆணையில் எப்போதும் ஓர் இரைச்சல் கலந்திருக்கிறது என்றும், ஆணை பெரிதாக ஆக அந்த இரைச்சலும் கூடவே பெருகுகிறது என்றும் ஹாரிஸ், வோல்பெர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மனித அசைவின் துல்லியத்தை விளக்க இன்று இந்தக் கருத்து பரவலாகப் பயன்படுகிறது. வில்லுக்கு இதைப் பொருத்தினால் விளைவு கண்முன் நிற்கும். பலத்தின் விளிம்பில் நின்று எய்கிறவருடைய கை, பயிற்சி எவ்வளவு இருந்தாலும், அதிகம் நடுங்கும். இலக்கில் அம்புகள் சிதறும் வட்டம் பெரிதாகும். பத்துப் பவுண்டால் கிடைத்த கூடுதல் வேகத்தை அந்தச் சிதறல் முதல் அம்பிலேயே தின்றுவிடும்.

அளவுக்கு மீறிய வில்லை எடுத்தவரை மூத்த பயிற்சியாளர்கள் பத்தடி தள்ளி நின்றே அடையாளம் கண்டுவிடுவார்கள். இழுக்கத் தொடங்கும்போது வில் வானத்தைப் பார்க்கும். முழு இழுப்பு வரை நாண் வராது, கன்னத்துக்கு முன்பே நின்றுவிடும். தோள் காதை நோக்கி ஏறும். குறி இலக்கைத் தொட்ட கணமே, தொடுவதற்கும் சற்று முன்பே, விரல்கள் தாமாக நாணை விட்டுவிடும். இந்தக் கடைசிப் பழக்கம் மூளையில் படிந்துவிட்டால் பிறகு இலகுவான வில்லிலும் விடாது, மாதக்கணக்கில் உழைத்துத்தான் கழற்ற வேண்டியிருக்கும். தோள்மூட்டைச் சுற்றிய சிறு தசைநாண்கள் கிழிந்தால் அது இன்னும் நீண்ட கதை.

கனத்த வில்லுக்கு உடல் பழகவே பழகாதா? பழகும், சிறு வயதில் தொடங்கினால். எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் கப்பல் 1545 ஜூலை 19 அன்று கடலில் மூழ்கியது. 1982இல் அதை மேலே தூக்கினார்கள். சேற்றுக்குள் பத்திரமாக இருந்த 170க்கும் மேற்பட்ட யூ மர நெடுவில்கள் கிடைத்தன. அவற்றின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை என்று மதிப்பிடுகிறார்கள். கூடவே கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் தோள்பட்டை எலும்பின் மேல்நுனி, இருபது வயதுவாக்கில் ஒட்டியிருக்க வேண்டியது, ஒட்டாமலே இருந்தது. சிறு வயதிலிருந்து கனத்த வில்லை இழுத்ததே காரணமாக இருக்கலாம் என்று அந்த எலும்புகளை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லண்ட் கருதினார். அந்த வில்கள் போர்க்களத்தில் கவசமணிந்த கூட்டத்தின்மேல் எய்வதற்கானவை, மான் வேட்டைக்கானவை இல்லை. அந்தக் காலத்து மதபோதகர் ஹியூ லாட்டிமர் 1549இல் அரசர் முன் ஆற்றிய பிரசங்கத்தில் தன் தந்தையை நினைவுகூர்கிறார். மகனுடைய வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற வில்லை வாங்கித் தந்து, மகன் வளர வளர வில்லையும் பெரிதாக்கிக்கொண்டே போனாராம் அவர். ஐந்நூறு ஆண்டு ஆகப்போகிறது, இதைவிடச் சரியான பயிற்சித் திட்டத்தை யாரும் சொல்லிவிடவில்லை. (நெடுவில்லால் பெயரெடுத்த அதே பிரிட்டனில் இன்று மான்மீது அம்பு எய்வது குற்றம் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடலாம்.)

நம் காலத்து இளைஞர்களின் தோளைக் கெடுத்ததில் திரைப்படத்துக்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம். ஹோவர்டு ஹில் என்ற அமெரிக்க வில்லாளி ஆப்பிரிக்காவில் 115 பவுண்டு நெடுவில்லால் யானையை வீழ்த்தும் காட்சி 1950களின் தொடக்கத்தில் திரைக்கு வந்தது. ஹில் பிறவிப் பலசாலி, நாள்தோறும் எய்தவர். பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டதோ எண்ணை மட்டும். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தள்ளி எய்யும் ஆண்கள் 50 பவுண்டை ஒட்டிய வில்லையும், பெண்கள் பெரும்பாலும் 40ஐ ஒட்டிய வில்லையும்தான் பயன்படுத்துகிறார்கள். உலகின் மிகச் சிறந்த முதுகுத் தசைகள் அவர்களுடையவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காம்பவுண்டு வில் வந்தபின் இந்த விவாதம் முடிந்துவிட்டது என்பவர்கள் உண்டு. மிசூரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் வில்லின் நுனிகளில் கப்பி பொருத்தும் யோசனைக்கு 1969இல் காப்புரிமை பெற்றார். மையம் விலகிய அந்தச் சக்கரங்களால் இழுப்பின் நடுவில் விசை உச்சத்தைத் தொட்டு, முடிவில் சட்டென்று விழுந்துவிடும். 60 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு தளர்வு என்றால் கடைசியில் தாங்க வேண்டியது 12 பவுண்டு மட்டுமே. இழுப்பின் பெரும்பகுதியில் விசை உச்சத்திலேயே நிற்பதால் சேமிக்கும் ஆற்றலும் அதிகம். 50 பவுண்டு காம்பவுண்டு வில் 60 ஜூலுக்கு மேல் அம்புக்குத் தரும், அதே எண் எழுதிய நெடுவில்லைவிட ஒன்றரை மடங்கு. ஆகவே மானுக்கு 50 பவுண்டு காம்பவுண்டு தாராளம், 70 வீண்பெருமை. ஒரு பொறியும் இதில் உண்டு. தாங்குவது 12 பவுண்டானாலும் அந்த இடத்துக்குப் போய்ச்சேர 60 பவுண்டு மேட்டை ஏறித்தான் ஆக வேண்டும்.

அந்த மேட்டைக் கடையில் ஏறுவது எளிது. உடல் சூடாக இருக்கும், சட்டை மெல்லியதாக இருக்கும், பார்க்க நாலு பேர் இருப்பார்கள். நவம்பர் மாத விஸ்கான்சின் காட்டில், மரத்தில் கட்டிய சிறு மேடையில், விடியலுக்கு முன்பிருந்து மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவரின் நிலை வேறு. குளிரில் தசை விறைத்திருக்கும். தடித்த கோட்டுக்குள் தோள் முழுதாகத் திரும்பாது. மான் பதினைந்து மீட்டரில் தலை குனிந்திருக்கும், வில்லை வானத்துக்கு உயர்த்தினால் அந்த அசைவை அது பார்த்துவிடும். நாணை மெதுவாக, நேராக, சத்தமில்லாமல் இழுக்க வேண்டும். இழுத்தபின் மான் ஒரு மரத்துக்குப் பின்னால் போனால் காத்திருக்க வேண்டும். வராவிட்டால் அதே மெதுவோடு நாணைத் தளர்த்த வேண்டும். தளர்த்துவது இழுப்பதைவிடக் கடினம் என்பது எய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே வில் வாங்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இரு பாதங்களையும் தரையிலிருந்து சற்றே தூக்கிக்கொள்ளுங்கள், கால் உதைப்பின் உதவி இல்லாமல் போகும். வில்லை இலக்கு உயரத்துக்கு நீட்டி, அந்த உயரத்திலிருந்து மாற்றாமல், நாணை ஒரே சீராகக் கன்னம் வரை இழுங்கள். அம்பு இல்லாமல் நாணை விட்டுவிடாதீர்கள், ஆற்றல் போக இடமின்றி வில்லே உடைந்துபோகலாம். பத்து நொடி வைத்திருந்து, மெதுவாகத் தளர்த்துங்கள். கொஞ்சம் இளைப்பாறி மறுபடி செய்யுங்கள். ஐந்தாம் முறையும் முதல் முறைபோலவே இருந்தால் அந்த வில் உங்களுடையது. பற்களைக் கடிக்க நேர்ந்தால் ஐந்து பவுண்டு இறங்குங்கள். மூச்சை நிறுத்தினால் பத்து இறங்குங்கள். கடைக்காரரிடம் வில் தராசு இருக்கும், அதில் மாட்டி உங்கள் இழுநீளத்தில் உண்மையான எண் என்ன என்று அளக்கச் சொல்லுங்கள். வில்லில் எழுதியிருப்பதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்.

முதல்முறை வில் எடுக்கும் பெரியவர்கள், நுனிகள் முன்நோக்கி வளைந்த ரீகர்வ் வில்லில் 25, 30 பவுண்டில் தொடங்குவது நல்லது. கரங்களை மட்டும் கழற்றி மாற்றும் வகை வில் வாங்கினால், வடிவம் படிந்தபின் நான்கைந்து பவுண்டு ஏற்றிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு படியிலும் சில மாதம் நிற்க வேண்டும், ஏனென்றால் தசை வாரங்களில் வலுக்கும், தசைநாண் மாதங்களில்தான் வலுக்கும். நாற்பதைச் சிரமமின்றித் தொட்டால் மான் வேட்டைக்கு அது போதும். 45 வந்தால் நல்லது. 50க்கு மேல் வேண்டுமென்றால் எந்த விலங்குக்காக என்று ஒரு பதில் இருக்க வேண்டும்.

கீழ் எல்லையை விலங்கு வைக்கிறது, மேல் எல்லையை உங்கள் முதுகு வைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாவிட்டால், அந்த விலங்கு இந்த ஆண்டு உங்களுக்கானது இல்லை. மூஸுக்கு 50 தேவை, உங்களுக்கு 42தான் வசதி என்றால் மூஸை விட்டுவிட்டு மானைத் தேடுங்கள். இந்தியாவில் இந்தக் கேள்வியே எழாது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துவிட்டது. ஆனால் பயிற்சித் திடலில் பலகையை நோக்கி எய்கிறவருக்கும் தோள்மூட்டு ஒன்றுதான். கடையில் இரண்டு வில்களுக்கு நடுவே மனம் ஊசலாடினால், இலகுவானதை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல அம்புகள் வாங்குங்கள்.